தாடி ஓணானைத் தூங்க வைப்பது எப்படி?

வேலியில் போகிற ஓணானை எடுத்து மடியில் விட்டுக்கொள்வது என்றால், வீண் வம்பை விலைக்கு வாங்குவது என்று நம் ஊரில் பொருள். ஆனால் ஆஸ்திரேலியாவில் பல வீடுகளில் இதை உண்மையாகவே செய்கிறார்கள். அங்குள்ள ஒரு வகை ஓணான் மடியிலும் தோளிலும் ஏறிச் சாதுவாகப் படுத்துக்கொள்கிறது. குத்துவதும் இல்லை, குடைவதும் இல்லை.

ஆங்கிலத்தில் ‘பியர்டட் டிராகன்’ எனப்படும் அப்பிராணியைத்தான் நாங்கள் இங்கே தாடி ஓணான் என்று எழுதுகிறோம். ஆஸ்திரேலியக் கண்டத்தின் உட்பகுதியில், மழை குறைந்த புதர்க்காடுகளிலும் மணற்பாங்கான இடங்களிலும் அது வாழ்கிறது. தலையிலிருந்து வால் நுனி வரை அளந்தால் சுமார் அரை மீட்டர். பெரியவை 60 சென்டிமீட்டர் வரை வளரும். தாடைக்குக் கீழே முட்கள் நிறைந்த தோல் மடிப்பு ஒன்று உண்டு. கோபம் வந்தால் அதை உப்ப வைத்துக் கறுப்பாக்கிக்கொள்ளும். அதுதான் தாடி! நம் தோட்டத்து ஓணானும் இதுவும் விலங்கியலில் ஒரே குடும்பத்தைச் சேர்ந்தவை. ஆகவே இதை ஓணான் என்று அழைப்பது வெறும் உவமையன்று, உறவுமுறையே.

“அப்படியானால் நாமும் ஒன்று வளர்க்கலாமே” என்று யாரும் வேலிப்பக்கம் ஓட வேண்டாம். நம் நாட்டு உடும்பு 1972ஆம் ஆண்டின் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டப்படி முதல் அட்டவணையில் உள்ள பிராணி. அதைப் பிடிப்பதே குற்றம். ஆஸ்திரேலியாவிலும் பல மாநிலங்களில் தாடி ஓணான் வளர்க்க அரசிடம் உரிமம் பெற வேண்டும். காட்டிலிருந்து பிடித்து வரக்கூடாது. வளர்ப்பு இடங்களில் பிறந்த குட்டியைத்தான் வாங்க வேண்டும்.

இந்த ஓணான் ஆண்டுக்கு ஒருமுறை நீண்டதோர் உறக்கத்திற்குப் போகிறது. அதற்கு முன்பும், அப்போதும், அதன் பின்பும் வீட்டார் செய்ய வேண்டிய ஏற்பாடுகளைப் பற்றியே இக்கட்டுரை. இதைப் பற்றித் தேடிப் படித்தபோது எங்களை வெகுவாக யோசிக்க வைத்த விஷயம் ஒன்று உண்டு. தாயானவள் பிள்ளையைத் தூங்க வைக்கும் முன் வயிறு நிறைய ஊட்டுவாள். இங்கோ, வயிற்றைக் காலியாக்கிய பின்தான் தூங்க வைக்க வேண்டும். அன்பு மிகுதியால் ஒரு பிடி அதிகம் ஊட்டினால் பிராணி இறந்தே போகலாம்.

ஏன் இப்படி? முதலில் உறக்கத்தின் காரணத்தைப் பார்ப்போம்.

நாம் வெப்ப இரத்தப் பிராணிகள். வெளியே பனி பெய்தாலும் நம் உடல் 37 டிகிரி சென்டிகிரேடை ஒட்டியே இருக்கும். அந்த உஷ்ணத்தை உண்டாக்கத்தான் நாம் உண்பதில் பெரும்பகுதி செலவாகிறது. ஊர்வனவோ உஷ்ணத்தை வெளியிலிருந்து கடன் வாங்குகின்றன. மார்கழிக் காலையில் மதில்மேல் ஓணான் அசையாமல் உட்கார்ந்திருப்பதைப் பார்த்திருப்பீர்கள். அது சோம்பல் அல்ல. வெயிலில் உடம்பைச் சூடேற்றிக்கொள்கிறது. தாடி ஓணானுக்கு உடல் வெப்பம் 35 டிகிரி அளவில் இருந்தால்தான் ஓடவும், பூச்சி பிடிக்கவும், உண்டதைச் செரிக்கவும் முடியும்.

அதன் தாயகத்தில் குளிர்காலம் எப்படி இருக்கும் தெரியுமா? கண்டத்தின் நடுவே ஆலிஸ் ஸ்பிரிங்ஸ் என்ற ஊர் இருக்கிறது. அங்கே ஜனவரி மாதப் பகலில் சராசரி 36 டிகிரி; நம் ஊர்ச் சித்திரை வெயில் போலத்தான். அதே ஊரில் ஜூலை இரவில் சராசரி 4 டிகிரி! (பூமத்திய ரேகைக்குத் தெற்கே இருப்பதால் அங்கே ஜூன், ஜூலை, ஆகஸ்ட் மாதங்களே குளிர்காலம் என்பதை நினைவில் கொள்ளவும்.) குளிர்ந்தால் பூச்சிகள் குறைந்துவிடும். பகலும் குறுகிவிடும். இரை தேடுவதற்கே சூடு போதாது, கிடைத்தாலும் செரிக்காது. ஆகவே ஓணான் வளைக்குள்ளோ, உதிர்ந்த இலைக் குவியலுக்கு அடியிலோ புகுந்து அடங்கிவிடுகிறது. மண்ணுக்கடியில் இரவுக்கும் பகலுக்கும் வெப்பம் அவ்வளவாக மாறுவதில்லை. இதயத்துடிப்பும் மூச்சும் மிகவும் மெதுவாகின்றன. கோடையில் வாலடியிலும் வயிற்றிலும் சேர்த்து வைத்த கொழுப்பு மெல்ல மெல்லக் கரைந்து பல வாரங்களுக்குப் போதுமானதாக இருக்கிறது.

இந்த நிலைக்கு ‘புரூமேஷன்’ என்ற பெயரை 1965இல் வில்பர் மேஹ்யூ என்ற அமெரிக்க விலங்கியல் அறிஞர் வைத்தார். இலத்தீன் மொழியில் ‘புரூமா’ என்றால் குளிர்காலம். பாலூட்டிகளின் குளிர்கால உறக்கத்திலிருந்து ஊர்வனவற்றின் உறக்கத்தைப் பிரித்துக் காட்டவே இந்தப் பெயர். தனிப்பெயர் தேவையில்லை என்று கருதும் அறிஞர்களும் உண்டு. எங்களுக்குப் பெயரைவிட வேறுபாடுதான் சுவையாக இருந்தது. ஊர்வன முழுவதும் உணர்விழந்து கிடப்பதில்லை. இடையிடையே விழித்து, தண்ணீர் குடித்துவிட்டு, இடம் மாறிப் படுத்து மறுபடியும் அடங்கிவிடும்.

இது இரவுத் தூக்கமும் அன்று. தாடி ஓணானின் இரவுத் தூக்கத்தையே தனியாக ஆராய்ந்திருக்கிறார்கள். ஜெர்மனியில் பிராங்க்பர்ட் நகரிலுள்ள மாக்ஸ் பிளாங்க் நிறுவனத்தார் 2016இல் வெளியிட்ட ஆய்வில், நமக்குக் கனவு வரும் தூக்கத்தைப் போன்ற ஒரு நிலை ஓணானின் மூளையிலும் மாறி மாறி வருவதைக் கண்டார்கள். ஏறத்தாழ 80 வினாடிக்கு ஒரு சுற்றாம். ஓணான் கனவில் என்ன காணும் என்று யாரும் சொல்லவில்லை, வெட்டுக்கிளியாகத்தான் இருக்கும்! குளிர்கால அடக்கத்தைப் பற்றியும் 2019இல் ஓர் ஆய்வு வெளிவந்தது. அக்காலத்தில் நரம்புச் செல்களைக் காக்கும் மரபணுக்கள் மூளையில் மும்முரமாக வேலை செய்வதை அது காட்டியது. வெளியே பார்த்தால் கல் மாதிரி கிடக்கிற பிராணிக்குள் இவ்வளவு ஏற்பாடு!

இனி வீட்டுக்கு வருவோம். வீட்டில் கண்ணாடிக் கூண்டு. மேலே சூடு தரும் விளக்கு. பக்கத்தில் புறஊதாக் கதிர் விளக்கு. விளக்கடிப் பாறை 40 டிகிரி வரை சூடாகும். வேளை தவறாமல் வெட்டுக்கிளி வகைகளும் கீரையும் கிடைக்கும். இத்தனை வசதியிருந்தும் மே மாதம் வந்ததும் சில ஓணான்கள் பழைய பழக்கத்துக்குத் திரும்பிவிடுகின்றன. இரையைக் கண்டும் முகத்தைத் திருப்பிக்கொள்ளும். விளக்கடிக்கு வராது. இருட்டு மூலையைத் தேடி மண்ணைப் பறிக்கும். காட்டைக் கண்டறியாத பிராணிக்கு மாதம் எப்படித் தெரிகிறது? தலை உச்சியில் அதற்கு மூன்றாவது கண் ஒன்று இருக்கிறது. உருவங்களைப் பார்க்கும் கண் அன்று. வெளிச்சத்தை உணரும் சிறு புள்ளி. ஜன்னல் வழியே வரும் வெளிச்சம் குறைவதும், அறை குளிர்வதும் அதற்குச் செய்தி சொல்லிவிடுகின்றன போலும்.

முதன்முதலாக ஓணான் வளர்ப்பவர்களுக்கு இந்தக் காலம் பெரும் கவலை தரும். சாப்பிடவில்லை, அசையவில்லை என்றால் நோய் என்றுதானே எண்ணத் தோன்றும்? இன்னொரு பக்கம், உண்மையாகவே நோயுற்ற ஓணானை “தூங்குகிறது” என்று விட்டுவிட்டு இழப்பதும் உண்டு. ஆகையால் முதல் ஏற்பாடு கால்நடை மருத்துவரைப் பார்ப்பதே. எடை பார்க்க வேண்டும்; எச்சத்தைப் பரிசோதிக்க வேண்டும். கீரிப்பூச்சி போன்ற குடற்புழுக்களும், காக்சிடியா என்ற ஒருசெல் ஒட்டுண்ணியும் இவ்வகை ஓணான்களுக்கு அடிக்கடி வருபவை. கோடையில் உடல் அவற்றை ஒருவாறு அடக்கி வைத்திருக்கும். குளிரில் நோயை எதிர்க்கும் சக்தி குறைந்துவிடுவதால் அவை பலம் பெற்றுவிடும். மருந்து கொடுக்க வேண்டுமானால் உறக்கத்திற்கு முன்பே கொடுத்து முடித்துவிட வேண்டும்.

எல்லா ஓணானையும் தூங்க வைக்கலாமா என்றால், கூடாது. ஒரு வயது நிரம்பாத குட்டிக்கு உடம்பில் சேமிப்பு போதாது. அது வளர வேண்டிய காலம். மெலிந்தது, நோயிலிருந்து மீண்டது, அண்மையில் முட்டையிட்டது ஆகியவையும் அந்த ஆண்டு விழித்தே இருக்கட்டும். விளக்கைக் குறைக்காமல் வைத்தால் போதும். நல்ல உடல்நிலையில் உள்ள ஓணானையும் வற்புறுத்தித் தூங்க வைக்கத்தான் வேண்டுமா என்பதில் கருத்து வேறுபாடு இருக்கிறது. இனப்பெருக்கத்துக்கு உதவும் என்று வளர்ப்போர் பலர் செய்கிறார்கள். குஞ்சு வேண்டாதவர்கள் வீண் ஆபத்தை வரவழைக்க வேண்டாம் என்பார் சிலர். ஓணான் தானாகவே அடங்கத் தொடங்கினால் அதற்குத் துணை நிற்பது, தொடங்காவிட்டால் அதன் போக்கில் விட்டுவிடுவது என்பதே எங்களுக்குச் சரியாகப் படுகிறது.

இப்போது மிக முக்கியமான கட்டம்: உணவை நிறுத்துவது. உறக்கத்திற்குச் சுமார் 2 வாரம் முன்பே இரையை அடியோடு நிறுத்திவிட வேண்டும். ஆனால் விளக்கை நிறுத்தக் கூடாது! இந்த வரிசை மாறினால்தான் ஆபத்து. செரிமானம் என்பது சூட்டில் நடக்கும் வேலை. அடுப்பில் தீ எரிந்தால்தான் உலையில் அரிசி வேகும். தீயை அணைத்துவிட்டால் பாதி வெந்த சோறு மறுநாள் ஊசிப்போகும் அல்லவா? ஓணானின் குடலும் அப்படியே. உடல் குளிர்ந்துவிட்டால் செரிமான நீர்களின் வேலை நின்றுவிடும். குடலின் அசைவும் ஓய்ந்துவிடும். உள்ளே இருக்கும் பூச்சியும் கீரையும் அப்படியே தங்கி அழுகும். நுண்ணுயிர்கள் பெருகி, வாயு சேர்ந்து, நஞ்சு உடலில் பரவும். தூங்கும் பிராணியோ வலியைக் காட்டுவதில்லை. வீட்டார் கவனிக்கும்போது காலம் கடந்துவிட்டிருக்கும்.

எனவே 2 வாரமும் பகல் முழுவதும் விளக்கு எரிய வேண்டும். சூடான பாறை இருக்க வேண்டும். இரை மட்டும் இருக்கக் கூடாது. உள்ளே இருப்பதெல்லாம் செரித்து, எச்சமாக வெளிவந்துவிட வேண்டும். சில ஓணான்கள் இந்த நாட்களில் கண்ணாடி ஓரம் வந்து நின்று வீட்டாரையே பார்த்துக்கொண்டிருக்குமாம். கையில் ஒரு பூச்சியை வைத்துக்கொண்டு அந்தப் பார்வையைத் தாங்குவது எளிதா? வீட்டில் எல்லோரையும் கூட்டி வைத்துச் சொல்லிவிட வேண்டும் என்று தோன்றுகிறது. முக்கியமாகத் தம்பி தங்கைகளிடமும் பாட்டியிடமும்! ஒரு வீட்டில் இரகசியமாக ஊட்டுகிற கை எது என்பது நமக்குத் தெரியாததா?

உணவுதான் இல்லையே தவிர, தண்ணீர் நிறைய வேண்டும். உறக்கத்தில் ஓணான்கள் பசியைவிடத் தாகத்தால்தான் எளிதில் கெடுகின்றன. உடலில் நீர் குறைந்தால் யூரிக் அமிலம் தேங்கிச் சிறுநீரகத்தைப் பழுதாக்கும். ஆகவே இந்த 2 வாரத்தில் சில முறை ஆழமில்லாத தொட்டியில் வெதுவெதுப்பான தண்ணீர் ஊற்றி, 10 அல்லது 15 நிமிடம் ஓணானை நிற்க விடுகிறார்கள். தண்ணீர் தோள் உயரத்துக்கு மேல் போகக் கூடாது. பக்கத்தில் ஆள் இருக்க வேண்டும். அது குனிந்து குடிக்கும். பெரும்பாலும் அங்கேயே எச்சமும் போகும். கடைசி எச்சம் போய்விட்டது என்று தெரிந்த பிறகே அடுத்த வேலை.

அடுத்த வேலை சூரியனை மெல்ல மறைப்பது. கோடையில் நாளொன்றுக்கு 12 முதல் 14 மணி நேரம் எரிந்த விளக்குகளைச் சில நாட்களுக்கு ஒருமுறை ஒரு மணி நேரம் குறைத்துக்கொண்டே வந்து, 8 மணி நேரத்தில் நிறுத்துகிறார்கள். சூட்டையும் படிப்படியாகக் குறைக்கிறார்கள். இயற்கையில் எந்தக் குளிர்காலமும் ஒரே நாளில் வந்துவிடுவதில்லை அல்லவா? கடைசியில் சூட்டு விளக்கு அணைக்கப்படுகிறது. அறையின் வெப்பநிலை 15 முதல் 20 டிகிரிக்குள் இருந்தால் நல்லது. இதற்கென வெப்பமானி ஒன்று கூண்டுக்குள்ளேயே இருக்க வேண்டும். கையால் தொட்டுப் பார்த்துச் சொல்வது உதவாது. மெல்போர்ன் போன்ற தென் நகரங்களில் ஜூலைப் பகலே 14 டிகிரிதான் என்பதால் அங்கே கூண்டு அளவுக்கு மீறிக் குளிராமலும் பார்த்துக்கொள்ள வேண்டியிருக்கிறது. அடுப்பங்கரையும், ஆள் நடமாட்டமுள்ள கூடமும், கதவிடுக்கில் காற்றடிக்கும் மூலையும் ஏற்றவை அல்ல. நடுவே சூடேறிவிட்டால் ஓணான் அரைகுறையாக விழித்துச் சேமிப்பை வீணாக்கிவிடும்.

இங்கிலாந்தில் மத்தியதரைக் கடல் பகுதி ஆமைகளை வளர்ப்போர், குளிர்காலம் முழுவதும் அவற்றைக் குளிர்பதனப் பெட்டியில் வைப்பதுண்டு! சுமார் 5 டிகிரியில், பெட்டிக்குள் படுக்க வைத்து, காற்றுக்காகத் தினமும் கதவைத் திறந்து மூடுவார்கள். இதைக் கேட்டு எங்கள் வகுப்பே சிரித்தது. பாலுக்கும் காய்கறிக்கும் பக்கத்தில் ஆமை! ஆமைக்கு அது பொருந்துகிறது. தாடி ஓணானுக்குப் பொருந்தாது. காட்டில் இரவு 4 டிகிரிக்கு இறங்கினாலும் ஓணான் படுத்திருப்பது மண்ணுக்கடியில் அல்லவா?

படுக்கை எளிது. ஒரு பக்கம் மட்டும் திறந்த பெட்டி அல்லது குகை போன்ற மறைவிடம். உள்ளே உலர்ந்த மண்ணோ, துணியோ, செய்தித்தாளோ. ஈரம் ஆகாது, ஈரமும் குளிரும் சேர்ந்தால் நுரையீரலில் சளி கட்டிவிடும். அருகே தட்டையான கிண்ணத்தில் தண்ணீர்.

உறங்கும் நாட்கள் சில வாரங்களும் ஆகலாம். 3 மாதமும் ஆகலாம். அதுவரை வீட்டாருக்கு ஒரே ஒரு வேலை: வாரம் ஒருமுறை சமையலறைத் தராசில் நிறுத்து, நோட்டில் எழுதி வைப்பது. உறக்கத்திற்கு முன் ஓணான் 420 கிராம் இருந்தது என்று வைத்துக்கொள்வோம். அதில் பத்தில் ஒரு பங்கு 42 கிராம். எடை 378 கிராமுக்குக் கீழே போனால் உறக்கத்தை முடித்து மருத்துவரிடம் கொண்டுபோக வேண்டும். முறையாகத் தயார் செய்த ஓணான் அவ்வளவு இழப்பதில்லை. கண்ணுக்குத் தெரியாத மெலிவையும் எண் காட்டிவிடும் என்பதால் இந்த நோட்டு மிகவும் அவசியம்.

தூங்குகிறதா, நோயா என்று கண்டுபிடிப்பது எப்படி? தூங்கும் ஓணான் எடுத்தால் கனமாக, கெட்டியாக இருக்கும். தொட்டால் தாமதமாகவேனும் காலை இழுத்துக்கொள்ளும். ஒரு கண்ணைச் சற்றே திறந்து மூடும். ‘ஞாயிற்றுக்கிழமைகூட எழுப்புகிறாயே’ என்பது போல! வாலடி பருத்திருக்கும். நோயுற்றதோ துணி போலத் துவளும். கண்கள் குழி விழும், இடுப்பெலும்பு துருத்தும், மூக்கிலோ வாயிலோ நீர் கோக்கும், வாயைத் திறந்து மூச்சு விடும், எச்சம் தண்ணீராகப் போகும். இவற்றில் ஒன்று தெரிந்தாலும் தாமதிக்கக் கூடாது. சந்தேகம் வரும்போதெல்லாம் எடுத்து எடுத்துப் பார்ப்பதும் தவறு. வாரம் ஒருமுறை போதும்.

ஆகஸ்ட் கடைசியில் அல்லது செப்டம்பரில் ஓணான் மறைவிடத்தை விட்டுத் தலை நீட்டும். உடனே ஓடிப்போய் ஊட்டத் தோன்றும். அதற்கும் பொறுமை வேண்டும். முன்பு குறைத்த வரிசையை இப்போது தலைகீழாகச் செய்ய வேண்டும்: ஒரு வாரம் போல விளக்கு நேரத்தையும் சூட்டையும் ஏற்றுவது, முதலில் தண்ணீர், வெதுவெதுப்பான குளியல், உடல் நன்றாகச் சூடேறி, விளக்கடியில் வெயில் காயத் தொடங்கிய பிறகே உணவு. முதல் நாள் சிறிது கீரை, ஓரிரு பூச்சிகள் போதும். உள்ளே அடுப்பு எரியத் தொடங்கிவிட்டது என்பதற்கு அடையாளம், சில நாள் கழித்து வரும் முதல் எச்சம்தான். அருவருப்பாக இருந்தாலும் வீட்டார் மகிழ்ந்து நோட்டில் குறித்துக்கொள்ளும் நாள் அது!

அதன் பிறகு அங்கே வசந்தம். ஆண் ஓணானின் தாடி கறுக்கும். தலையை வேகவேகமாக ஆட்டி அதிகாரம் செய்யும். பெண் ஓணான் ஒரு முன்னங்காலை மட்டும் உயர்த்தி, “போய் வா” என்பது போல மெதுவாக அசைக்கும். நோட்டில் எழுதிய எடை பழைய எண்ணுக்கு வந்து சேர இன்னும் சில வாரங்கள் ஆகும்.